வாசனைப் பாடம்

முதலிபாளையம்
16.6.2024

அன்புள்ள தம்பி பிரதீப்புக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌகரியம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. உன் வயிற்றுக் கோளாறு சரியாயிற்றா? சிறை ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே. போனில் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தையும் அம்மாவே அழுது தீர்த்துவிடுவதால் நாம் இரண்டு பேரும் கடிதத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

புது வேலையில் சேர்ந்துவிட்டேன். ஒரு பனியன் கம்பெனி தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நடத்தும் சின்னப் பள்ளி. இருபத்திரண்டு குழந்தைகள். எல்லாம் மூன்று, நான்கு வயது. டீச்சர் நான் ஒருத்திதான். எனக்கு மேலே பொறுப்பாளர் சித்ரகலா மேடம்.

இந்த மாதம் மூக்கைப் பற்றிப் பாடம். படத்தைக் காட்டி ‘இது மூக்கு’ என்று சொன்னால் அதுகளுக்கு என்ன புரியும்? காலி ஐஸ்கிரீம் கப்புகளில் காப்பித்தூள், எலுமிச்சைத் தோல், சோம்பு, கற்பூரம், மல்லித்தழை என்று போட்டு, வாயைப் பனியன் வேஸ்ட் துணியால் கட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நித்தீஷ் என்று ஒரு வாலு. கற்பூரத்தை மோந்துவிட்டு, “மிஸ், இது சாமிங்க” என்றான். ஷைமா என்று ஒரு பெண் குழந்தை, நாலு வயது. அவளிடம் வேண்டுமென்றே காலி கப்பைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் மோந்தாள். “எங்கம்மா” என்றாள். உள்ளே ஒன்றுமே இல்லை, மேலே கட்டிய புதுத் துணி மட்டும்தான். வீடு நம் வீட்டுக்கு ஆறு தெரு தள்ளித்தான். அவள் அம்மா அஜீஸுன்னிசா கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறாள். நாள் முழுக்கத் துணியோடு துணியாகக் கிடந்துவிட்டு வருகிறவள். எனக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி.

பதில் போடு. அம்மா உன்னை வேளா வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

உன் அக்கா
வினிதா


மத்திய சிறை, கோவை
28.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். வயிறு சரியாகிவிட்டது. நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பது படித்து நிம்மதி. உங்கள் கடிதத்தை அதிகாரி பிரித்துப் படித்து முத்திரை குத்திக் கொடுக்கும்போது சிரித்தார். “உங்கக்கா நல்லா எழுதறாங்கப்பா” என்றார்.

எனக்கு இப்போது சமையல் கூடத்தில் வேலை. இருநூறு பேருக்கான சாம்பாரைக் கிளறுகிறேன். உங்கள் கப்பு விளையாட்டை என் அறையில் இருப்பவர்களிடம் சொன்னேன். ஆளாளுக்கு எதையாவது நினைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘என்ன கேஸ்’ என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பல்லடம் ரோட்டில் என் வேன் ஒரு பெரியவரைத் தட்டிவிட்டது, தட்டியதே எனக்குத் தெரியவில்லை, கடைக் கேமராவில் நம்பர் பார்த்துப் பிடித்தார்கள், இரண்டு வருஷம் என்று சொல்வேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இறந்துபோன அந்தப் பெரியவர், மயில்சாமி அய்யா வீட்டுப் பக்கம் நீங்கள் யாரும் போக வேண்டாம்.

ஷைமாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள். அம்மாவின் முழங்காலுக்குச் சுடு தண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

இப்படிக்கு
பிரதீப்


முதலிபாளையம்
21.7.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பெரிய அண்டாவைத் தனியாகத் தூக்காதே.

பாடம் நன்றாகப் போகிறது. போன வாரம் புது விளையாட்டு வைத்தேன். ஒரு குழந்தையின் கண்ணைக் கட்டிவிட்டு, எதிரே நிற்கும் குழந்தை யார் என்று மோந்தே கண்டுபிடிக்கச் சொன்னேன். பவுடர் வாசம், தேங்காயெண்ணெய் வாசம், ஒருத்திக்கு மருதாணி வாசம் என்று நிறையச் சிரிப்பு. பிறகு கொஞ்சம் சத்தமாகிவிட்டது. நிறுத்திவிட்டேன்.

ஷைமாவுக்குச் சளி. மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று ஜன்னலோரம் தனியாக உட்கார வைத்திருக்கிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது.

வகுப்பில் பாடும் தவளைப் பொம்மை ஒன்று இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே பாட்டு. இரண்டு வாரமாகப் பாடவில்லை. காதுக்கு நிம்மதி.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்
அக்கா


மத்திய சிறை, கோவை
2.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அண்டாவை நாலு பேர் சேர்ந்துதான் தூக்குகிறோம், பயப்பட வேண்டாம்.

சளி பிடித்தால் வாசம் தெரியாதே. வாசனைப் பாடத்தில் அந்தக் குழந்தை என்ன செய்யும்? ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? எனக்கு ஏனோ அதே நினைப்பாக இருக்கிறது. சளி குணமானதும் எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

பிரதீப்


முதலிபாளையம்
8.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன். ஒரு மாதமாக எழுத நேரம் கிடைக்கவில்லை. அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். இன்னும் ஆறு மாதத்தில் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். போன வாரம் நல்ல மழை, நம் தெருவில் முழங்கால் தண்ணீர்.

மூக்குப் பாடம் முடிந்துவிட்டது. இப்போது காதைப் பற்றி நடத்துகிறோம்.

ஷைமா வருவதில்லை. உடம்பு சரியில்லையாம்.

அக்கா


மத்திய சிறை, கோவை
17.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கண்ணுக்கு என்ன சொட்டு மருந்து கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். நான் நலம்.

அம்மாவின் கண்ணையும் மழையையும் பற்றி விவரமாக எழுதிய நீங்கள் அந்தக் குழந்தையைப் பற்றி இரண்டே வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். ‘உடம்பு சரியில்லையாம்.’ யாரோ சொல்லிக் கேட்டதுபோல. ஆறு தெரு தள்ளி இருக்கிற குழந்தை அக்கா. காய்ச்சல் வந்த குழந்தையைப் பார்க்கப் போகாமல் உங்களால் இருக்க முடியாது. சின்ன வயதில் எனக்கு அம்மை வார்த்தபோது அம்மா திட்டியும் கேட்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் நீங்கள்.

என்ன நடந்தது?

தம்பி


மத்திய சிறை, கோவை
4.10.2024

அக்கா,

பதில் வரவில்லை. போனில் அம்மாவிடம் கேட்டேன். “அவ சரியாவே சாப்பிடறதில்ல கண்ணு, கேட்டா எரிஞ்சு விழறா” என்றாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

நான் ஒன்றைச் சொல்கிறேன். பிறகு நீங்கள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

போலீஸில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ‘எதிர்பாராத விதமாக’ என்று மூன்று இடத்தில் இருக்கும். வக்கீல் சொல்லிக்கொடுத்தது. தட்டியது தெரியவில்லை என்பது நானே சேர்த்துக்கொண்டது. எனக்குத் தெரியும் அக்கா. அன்று சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. பிரேக் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அவர் கையைத் தூக்கினார். என்னைக் கூப்பிட்டாரா, எழுந்திருக்கப் பார்த்தாரா, தெரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவரை உயிர் இருந்திருக்கிறது. கோர்ட்டில் அதைச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை.

இதை அதிகாரி படித்துவிட்டுத்தான் அனுப்புவார். படிக்கட்டும்.

பிரதீப்


முதலிபாளையம்
13.10.2024

தம்பி,

உன் கடிதத்தை அம்மா படிப்பதற்குள் மடித்து எடுத்துவைத்தேன். உனக்கு ஆறுதலாக என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நான் செய்ததை எழுதுகிறேன்.

அந்த மோந்து பார்க்கும் விளையாட்டில், கண்ணைக் கட்டிய நித்தீஷுக்கு எதிரே ஷைமாவை நிறுத்தினேன். அவன் பட்டென்று பின்னால் நகர்ந்து, “மிஸ், இது நாறுதுங்க” என்றான். எல்லாப் பிள்ளைகளும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தமாகிவிட்டது என்று உனக்கு எழுதினேனே, இதுதான் அந்தச் சத்தம். ஷைமாவும் அவர்களைப் பார்த்துத் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் புரியவில்லை.

உண்மையிலேயே வாடை அடித்தது. நானும் மோந்தேன். அன்று சாயங்காலம் ஒரு குழந்தையின் அம்மா என்னிடம், “அவங்க ஊட்டுச் சமையலே அப்படித்தானுங்க மிஸ். எம்பொண்ணைக் கொஞ்சம் தள்ளி உக்கார வைங்க” என்றாள். அப்படிப் பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினேன். அவள் சொன்னதை உள்ளுக்குள் நானும் நம்பினேன் என்று இப்போது தெரிகிறது. மறுநாள் ஷைமாவை ஜன்னலோரம் வைத்தேன். அவள் டைரியில் ‘குழந்தையைத் தினமும் நன்றாகக் குளிப்பாட்டி, சுத்தமாக அனுப்பவும்’ என்று எழுதி, கீழே சிவப்பு மையில் கோடு போட்டேன்.

அடுத்த நாள் முகம் முழுக்கப் பவுடர் போட்டு, புதுக் கவுன் மாட்டி வந்தாள். அப்போதும் வாடை போகவில்லை. மூக்கில் ஒரு பக்கம் மட்டும் சளி வந்தது, கறுப்பாக. நான் துடைத்துவிட்டேன் தம்பி. என் கையால் எத்தனை தடவை துடைத்திருப்பேன். ஒரு பக்கம் மட்டும் ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாதமாக மூக்கைப் பற்றியே பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் நான்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி வகுப்பிலேயே ரத்தம் வந்தது. அஜீஸுன்னிசா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மூக்குக்குள்ளிருந்து சட்டைப் பொத்தான் அளவு வட்ட பேட்டரி ஒன்றை எடுத்தார்கள். அது ஒரு மாதத்துக்கு மேல் உள்ளேயே இருந்து சதையை வெந்துபோகச் செய்திருக்கிறது. இரண்டு துவாரத்துக்கும் நடுவே இருக்கும் சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. வளர வளர மூக்குத் தண்டு அமுங்கிப் போகலாம், பெரியவளான பிறகுதான் ஆபரேஷன் என்றார்களாம். அந்தப் பக்கம் வாசம் தெரியுமா என்பதை இப்போது சொல்ல முடியாதாம்.

செய்தி வந்ததும் தவளைப் பொம்மையைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. அதன் மூடி ஜூன் மாதமே தொலைந்துவிட்டது. நான்தான் செலோ டேப் ஒட்டிக் கொடுத்திருந்தேன். டேப் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மேடத்திடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். “ஊட்டுல எதையாச்சும் எடுத்துப் போட்டிருக்கும்னு சொல்லிப்போடுங்க வினிதா. பொம்மை கிம்மைன்னு வாயைத் தொறந்தீங்கன்னா உங்க வேலையும் போயிரும், எம்பட வேலையும் போயிரும்” என்றார். அஜீஸுன்னிசா வந்து, “டீச்சர், எங்க ஊட்டுல இந்த மாதிரி பேட்டரியே இல்லீங்களே, எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டாள். “தெரியலீங்க” என்றேன்.

இரண்டு மாதமாக அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

வினிதா


மத்திய சிறை, கோவை
22.10.2024

அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன்.

குழந்தைக்கு நேர்ந்தது தெரியாமல் நடந்தது. ‘தெரியலீங்க’ என்றது தெரிந்து சொன்னது. நான் பிரேக் போட்ட வரைக்கும் விபத்து. அதற்கப்புறம் வண்டியை எடுத்தது நான்.

எனக்கு வெளியே வர ஏழு மாதம் இருக்கிறது. வந்த அன்றே மயில்சாமி அய்யா வீட்டுக்குப் போவேன். அவர் மனைவி கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும். நினைத்தால் இன்றைக்கே நீங்கள் போகலாம். உங்களைத் தடுக்க மதில் இல்லை.

வேலை போனால் போகட்டும். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பிரதீப்


முதலிபாளையம்
10.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். நானும் இருக்கிறேன். உன் கடிதம் வந்து பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷைமா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று முந்தின நாளே மேடத்திடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

லைன் வீட்டில் கடைசி வீடு. அஜீஸுன்னிசா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க டீச்சர், புள்ளையப் பாக்க இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறுவதற்குள் சொல்லிவிட வேண்டுமென்று நின்றபடியே சொன்னேன். தவளை, மூடி, டேப், மேடம் சொன்னது, நான் தெரியாது என்றது, எல்லாம். தள்ளி உட்கார வைத்தது சளிக்காக இல்லை என்றும் சொன்னேன். இன்னொரு குழந்தையின் அம்மா சொன்னதையும், நான் தலையாட்டியதையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க டைரியில எழுதி அனுப்புனீங்கள்ல” என்றாள். “அன்னிலிருந்து காலையில ஒருக்கா, வேலை முடிஞ்சு வந்து ஒருக்கா குளிக்க வெச்சேங்க. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ச்சேன். மொகத்துல கை பட்டாலே வலிக்குது வலிக்குதுன்னு அழுவா. நடிக்கறான்னு அடிச்சேங்க டீச்சர். எம் புள்ளைய நான் அடிச்சேன்.”

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

அப்போது ஷைமா உள்ளேயிருந்து வந்தாள். மூக்கில் பஞ்சு இல்லை, கட்டு இல்லை, பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தாள். என்னைக் கண்டதும் “மிஸ்” என்று ஓடிவந்தவள், பாதி வழியில் நின்றுவிட்டாள். என்னையும் அவள் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தானாகவே பின்னால் போய், சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை தம்பி. டீச்சர் வந்தால் தள்ளி உட்கார வேண்டும் என்று அவளுக்குப் பாடமாகிவிட்டது. “பக்கத்துல வா கண்ணு” என்றேன். தலையை ஆட்டி மாட்டேன் என்றாள்.

அவள் அப்பா வாசிம் பல்லடத்தில் தறிக்குப் போகிறவர். ஷிப்ட் முடிந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வாயில சொன்னா நாளைக்கு இல்லேம்பாங்க. எழுதிக் குடுங்க” என்றார். ஆபரேஷனைக் கம்பெனிதான் செய்து கொடுக்க வேண்டும், அதற்கு இது தேவைப்படும் என்றார். நியாயம்தானே. ஷைமாவின் நோட்டிலிருந்தே தாள் கிழித்துக் கொடுத்தார். தேதி போட்டு, ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அஜீஸுன்னிசா அதை வாங்கி எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாள். மடித்துக் கணவனிடம் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என்னிடமே திருப்பி நீட்டினாள்.

“இன்னும் ஒண்ணு எழுதோணும்.”

“என்னங்க?”

“எம் புள்ள சுத்தமாத்தான் இருந்துச்சுன்னு எழுதுங்க. தெனமும் குளிச்சுட்டுத்தான் வந்துச்சுன்னு எழுதுங்க. பேட்டரி வந்ததெல்லாம் அப்புறம். மொதல்ல அதை எழுதுங்க.”

கையெழுத்துக்குக் கீழே இடமில்லை. வேறு தாள் கேட்டு வாங்கி, அவள் சொன்னதை முதல் வரியாக வைத்து, எல்லாவற்றையும் மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

வினிதா